குளிர்நிலத்து நாயும் எங்கள் வெயிலும்

நாயைப் பற்றி நம்மவர்களிடம் பேச்செடுத்தால் அது ஏழு தடவை கழுவும் இடத்தில் போய் நின்றுவிடும். மண்ணால் கழுவுவது எத்தனையாவது தடவை என்பதில் வாதம் நீளும். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு அது முக்கியமானதுதான், மறுக்கவில்லை. மாலிகி மத்ஹபினர் நாயைச் சுத்தமான பிராணியாகவே கருதுகின்றனர் என்பதையும் ஓதிப்படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் இந்த வாதங்களெல்லாம் நாயால் நமக்கு என்ன நேரும் என்பதைப் பற்றியவை. நம்மால் நாய்க்கு என்ன நேரும் என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை.

நமது மரபில் நாய்க்கு இடமில்லாமலில்லை. குகைவாசிகளோடு வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயை சூரா அல்கஹ்ஃப் மறக்காமல் சொல்கிறது. பழக்கிய வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ணலாம் என்கிறது சூரா அல்மாயிதா. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த இப்னுல் மர்ஸுபான், ஆடையணிந்த பலரைவிட நாய்கள் மேலானவை என்பதை நிறுவவே ஒரு நூல் தொகுத்தார். அன்றைய பக்தாத் நண்பர்கள் மீது அவருக்கு என்ன கோபமோ!

இவற்றையெல்லாம் யோசிக்க வைத்தவர் என்னிடம் படித்த வாலிபர் ஒருவர். கட்டாரில் வேலை. விடுமுறையில் வந்தவர், சைபீரியன் ஹஸ்கிக் குட்டியொன்று வாங்கப் போவதாகச் சொல்லிக் கைப்பேசியில் படம் காட்டினார். ஓநாயை ஒத்த முகம், நீலக்கண், அடர்ந்த உரோமம். அழகுதான். "வீட்டுக் காவலுக்கு நாய் வளர்க்கலாம்தானே சேர்?" என்று கேட்டார்.

கால்நடை, வேட்டை, பயிர்ச்செய்கை ஆகிய தேவைகளுக்கு நாய் வளர்ப்பதை ஹதீஸ்கள் விதிவிலக்காக்கியுள்ளன. வீட்டுக் காவலையும் இவற்றோடு ஒப்பிட்டு அனுமதித்த ஷாபிஈ அறிஞர்கள் உண்டு. ஆகவே கேள்வி நியாயமானதே. சங்கடம் என்னவென்றால், ஹஸ்கி காவலுக்கு உதவாது. முன்பின் அறியாதவரிடமும் வாலை ஆட்டிக்கொண்டு போகும். குரைப்பது குறைவு, ஓநாயைப் போல ஊளையிடும். திருடன் வந்தால் அவனோடு விளையாடக்கூடிய நாய்க்குக் காவல் என்று பெயர் வைக்கும்போது, தேவை என்ற சொல்லுக்குள் ஆசையை ஒளித்து வைக்கிறோம். எங்கள் நுரைச்சோலையின் வெங்காயத் தோட்டத்து மூலையில் படுத்திருக்கும் ஊர்நாய்தான் அந்த விதிவிலக்குக்கு அப்படியே பொருந்துகிறது. அதற்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் கல்லெறி.

ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழிவந்தது. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் பரவியபோது, சுமார் 1,085 கிலோமீற்றர் தூரத்தை 20 வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 பனிவண்டி நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைச் சேர்த்தன. கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோவுக்கு நியூயோர்க்கில் சிலை இருக்கிறது. மிக நீண்ட, ஆபத்தான பகுதியை ஓடிய டோகோவைப் பலருக்குத் தெரியாது. மனிதர் விடயத்திலும் இதுதானே வழக்கம்.

அந்தக் குளிருக்கென்றே அமைந்த இரட்டை உரோமம் அதனுடையது. நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்து, எச்சில் ஆவியாவதாலேயே தன் சூட்டைத் தணிக்கிறது. நாம் ஏழு தடவை கழுவும் அதே எச்சில்தான் அதன் உயிரைக் காக்கிறது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக இருக்கும் எங்கள் ஊரில், காற்றின் ஈரம் அந்த வழியையும் பாதி அடைத்துவிடும். தமிழ்நாட்டுக் கால்நடை பராமரிப்புத் துறை 2024 செப்டெம்பரில் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, அங்குள்ள காலநிலைக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களைப் பெருக்கலாகாது என்றது. பட்டியலில் ஹஸ்கியும் இருந்தது. எதிர்ப்பும் கிளம்பியது. கொள்கை எப்படிப் போனாலும் வெயில் மாறப்போவதில்லை.

"ஏசி அறையில வெச்சுக்குவேன் சேர்" என்றார். நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 2022இன் மின்வெட்டு எங்களையும் விடவில்லை. அது போகட்டும். ஓடுவதற்கென்றே பிறந்ததை நான்கு சுவருக்குள் அடைப்பது என்ன அன்பு? பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸைப் பட்டினிக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவள் உணவு கொடுக்காததோடு, பூமியில் கிடைப்பதைத் தேடித் தின்னவும் அதை விடவில்லை என்ற பகுதியே என்னை அதிகம் உறுத்துகிறது. தன்னைக் காத்துக்கொள்ள அப்பிராணிக்கு இருந்த இயல்பான வழியை அவள் அடைத்தாள். வேளாவேளைக்குத் தீனி வைத்துவிட்டு இயல்பை மட்டும் அடைப்பவருக்கு அதில் பங்கே இல்லையா? நான் முஃப்தி அல்ல, கேட்கத்தான் முடியும்.

ஐரோப்பியப் பசுக்களை நாம் கொண்டுவரவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். கொண்டுவந்தோம், அவற்றுக்கான அம்பேவெலப் பண்ணையை மலைநாட்டுக் குளிரில் அமைத்தோம். 2011இல் தொடங்கிய 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஓநாய்களில் மயங்கி மேற்கு நாடுகளில் பலர் ஹஸ்கி வாங்கினார்கள், பிறகு கைவிட்டார்கள். வாங்க வேண்டாமென்று அத்தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜே 2017இல் வேண்டிக்கொள்ள நேர்ந்தது. நாம் அவ்வளவு தூரம் போவானேன்? ஒருகாலத்தில் பொதி சுமந்து, வாகனங்கள் வந்ததும் கைவிடப்பட்ட கழுதைகளின் சந்ததி கற்பிட்டிப் பக்கமும் மன்னாரிலும் இன்னும் தெருவில் அலைகிறது.

ஏற்கனவே வந்துவிட்ட நாயின் விடயம் வேறு. தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவர், அது அங்கே எப்படி வந்ததென்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. அத்தகைய நாய் வீட்டிலிருந்தால் அதைச் சுபஹுக்கு முன்னும் இஷாவுக்குப் பின்னும் ஓடவிட வேண்டும். பகல் மணலில் நாமே வெறுங்காலை வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வெக்கை என்று உரோமத்தை மழிக்கக் கூடாது. வெயிலைத் தடுப்பதும் அதுதான். உதிரும் அடிமயிரைச் சீவி எடுத்தால் போதும். கிடங்கு தோண்டி வெளியேறும், ஆகவே வேலியின் அடியை ஆழப் புதைக்க வேண்டும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி தவறக் கூடாது. மூச்சிரைப்பு அடங்காமல் தள்ளாடினால், நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து, தாமதியாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்களென்றால், கண்ணின் நிறத்தைப் பார்த்துக் குட்டி தெரிய வேண்டாம் என்று அந்த வாலிபரிடம் சொன்னேன். நீலமும் மண்ணிறமும் அந்த இனத்துக்கு இயல்பே. தாயைப் பார்க்காமலும், எட்டு வாரம் நிறையாமலும் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஹஸ்கி பன்னிரண்டு வருடங்களேனும் வாழக்கூடியது. அவருடைய விடுமுறை ஒரு மாதம். மிச்சக் காலமெல்லாம் சுபஹுக்கு முன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியவர் அவருடைய உம்மா. அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.