திருதராஷ்டிரன் கேட்ட செய்தி

பெருங்கொலை ஒன்றைப் பற்றிய செய்தி தூரதேசத்திலிருந்து வந்து சேரும்போது கேட்பவன் உள்ளத்தில் உண்டாகும் கலக்கம், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் உண்மையில் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே பிறப்பதன் விளைவாகும். மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், அழுகை பிறக்கும் இடங்கள் நான்கனுள் இழவை ஒன்றாக வைத்தார். வெகுளி பிறக்கும் இடங்கள் நான்கனுள் கொலையை ஒன்றாகவும், தன் குடிக்கு நேரும் கேட்டை மற்றொன்றாகவும் வைத்தார். மாண்டவரை நினைத்தால் இழவு. மாய்த்தவரை நினைத்தால் கொலை. ஆதலின் ஒரே செய்தி ஒரே கணத்தில் நம்மை அழவும் வைக்கிறது, கொதிக்கவும் வைக்கிறது. அழுகைக்கு மாண்டவன் மனிதனாயிருந்தால் போதும். வெகுளிக்கோ பெரும்பாலும் அவன் நம்மவனாயிருக்க வேண்டும். முதல் நாள் கலந்தே நிற்கும் இவ்விரண்டில் எது நெஞ்சில் தங்குகிறது, எது வடிந்து போகிறது என்பதில்தான் மனிதனுடைய தர்மம் பரீக்ஷிக்கப்படுகிறது என்பது என் துணிபு.

1983ஆம் ஆண்டு ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இலங்கை இராணுவத்தினர் பதின்மூவர் கொல்லப்பட்டதைச் சாக்காகக் கொண்டு, மறுநாள் கொழும்பில் மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது. வீடுகளும் கடைகளும் தேடித் தேடிக் கொளுத்தப்பட்டன. அரசாங்கத்தின் காவலில் இருந்த வெலிக்கடைச் சிறையிலேயே, ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரத்தில் சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் நின்றவர்களுக்கு அதன் முகம் மறந்திருக்காது. டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, கறிகாய்க் கூடையை இறக்கி வைத்த பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். இரவில் லண்டனிலிருந்து வரும் தமிழோசைக்காக வானொலிப் பெட்டி இல்லாதவர்கள் இருக்கிறவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். காரணீசுவரர் கோயில் பக்கத்துத் தெருக்களில், கடல் கடந்து ஒரு பந்துவும் இல்லாத கிழவிகள் தம் வயிற்றில் பிறந்த மகனைப் பறிகொடுத்தவர்கள் போல அழுதார்கள். தமிழகமெங்கும் கடையடைப்பும் உண்ணாவிரதமும் ஊர்வலமும் நடந்தன. அந்தக் கண்ணீரைப் பொய்யென்று சொல்லுகிறவன் மனித இருதயத்தை அறியாதவன். பார்த்தறியாத ஒருவனுடைய மரணத்துக்காக ஒரு கிழவி சோறு உண்ண மறுக்கிறாள் என்றால், எந்த வேதாந்தமும் அதனினும் உயர்ந்த ஒன்றை அவளுக்குக் கற்பித்துவிட முடியாது.

ஆனால் 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில், மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்றிருந்தவர்கள் மீது துப்பாக்கிகள் சுட்டன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தொழுத இடத்திலேயே மாண்டார்கள். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். விடுதலைப் புலிகள் தாங்கள் அல்ல என்று மறுத்தாலும், உயிர் தப்பியவர்கள் அவர்களையே சுட்டிக் காட்டினார்கள். மாண்டவர்கள் வீட்டில் பேசியது தமிழ். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் தங்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நம் கடைத்தெரு அதற்காக ஒரு வேளையும் அடைக்கப்படவில்லை. செய்தி வராமல் இல்லை; பத்திரிகைகளில் வந்தது. படித்தோம். ஏதோ சொல்லக் கூசுகிற சங்கதியைப் போல மடித்து வைத்துவிட்டோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டபோதும், ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடந்த நம் சமூகத்தில் எத்தனை பேர் அதே கூச்சத்துடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதை முதியவர்கள் அறிவார்கள். கொன்றவன் அந்நியனாயிருந்தால் வெகுளிக்கு ஒரு வழி கிடைக்கிறது. கொன்றவன் நம்மவனாயிருந்தாலோ அந்த வெகுளி நம்மை நோக்கியே திரும்ப வேண்டும். அதற்கு அஞ்சி வெகுளியை அடக்குகிறோம். அதை அடக்கும்போது கூடவே அழுகையும் அடங்கிப் போகிறது. நான் மிகவும் வருந்துவது இதற்காகத்தான்.

பாரதத்தில் யுத்தத்தைக் கண்ணால் காணாமல் காதால் கேட்டவன் திருதராஷ்டிரன். அரண்மனையில் அமர்ந்து, சஞ்சயன் சொல்லச் சொல்லப் பதினெட்டு நாள் கொலையையும் அவன் கேட்டான். இன்று செய்தி கேட்கும் நாம் அனைவரும் அவன் ஸ்தானத்தில் இருப்பவர்களே. கீதையின் வாயிலில் அவன் கேட்கும் முதற் கேள்வியிலேயே தன் மக்களையும் பாண்டுவின் மக்களையும் வேறு வேறாகப் பிரித்துவிடுகிறான். தம்பி பிள்ளைகள் அவனுக்குப் பிள்ளைகள் அல்லர். அவ்வாறு பிரித்துக் கேட்டவனுடைய துக்கம் எங்கே போய் முடிந்தது என்பதை வியாசர் ஸ்திரீ பர்வத்தில் காட்டுகிறார். யுத்தம் முடிந்து வணங்க வந்த பீமனை ஆலிங்கனம் செய்வதற்காக அவன் கைகளை நீட்டுகிறான். கருத்தறிந்த கிருஷ்ணன் இரும்பாற் செய்த பீமனை அந்தக் கைகளுக்குள் தள்ளுகிறான். கிழவன் அதை நொறுக்கித் தன் வாயால் இரத்தம் கக்குகிறான். கோபம் செலவான மறுகணமே, பீமனைக் கொன்றுவிட்டேனே என்று கதறி அழுகிறான். அழுகை அவனுக்குள் முன்பே இருந்தது; வெகுளி அதன்மேல் ஏறி அமர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

காந்தாரியின் வழி வேறு. வியாசர் அருளிய திவ்ய திருஷ்டியால் களம் முழுவதையும் தொலைவிலிருந்தே கண்டவள் அவள். தன் நூறு மக்களுக்கும் அழுத அந்தத் தாய், தன் பக்கத்து வீரர்கள் பலர் சூழ்ந்துநின்று கொன்ற அபிமன்யுவுக்காகவும் அழுகிறாள். அவன் உடலைத் தடவும் இளம் மனைவி உத்தரைக்காகவும் அழுகிறாள். துருபதனுக்கும் விராடனுக்கும்கூட அவள் கண்ணீரில் இடமிருக்கிறது. தன் மகனிடமிருந்துதான் அவள் தொடங்கினாள் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா உயிரிடத்தும் ஒரே அளவான துக்கம் கொள்ள மனிதப் பிறவிக்கு இயலாது; இயலும் என்று சொல்பவரிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தன்னவனிடமிருந்து தொடங்குவது பாவமன்று. அங்கேயே நின்றுவிடுவதுதான் அதர்மம். அந்த மகத்தான புலம்பலின் முடிவிலே அவளும் சினத்துக்கு ஆளாகி, கிருஷ்ணனுடைய குலம் முப்பத்தாறாவது ஆண்டில் தம்முள் அடித்துக்கொண்டு மாளும்படி சபித்தாள். யாதவப் பெண்களும் இவ்வாறே அழுவார்கள் என்பதை அறிந்தே சபித்தாள். காந்தாரியாலேயே காக்க முடியாமற் போன எல்லை அது என்றால், நம்மைப் போன்றோர் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ஞானியர் இறந்தவருக்காக வருந்துவதில்லை என்று கீதை உபதேசிக்கிறதே, பின் எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்பவர் உண்டு. கீதையைத் தன்னுள் வைத்திருக்கும் அதே நூல்தான், யுத்தம் முடிந்த பிறகு ஒரு பர்வம் முழுவதையும் பெண்களின் அழுகைக்கு ஒதுக்கி வைத்தது. உபதேசம் அழுகையின் வாயை மூடுவதற்காக வந்ததாயின் வியாசர் அவ்வாறு செய்திருக்க மாட்டார். மாண்டவர்கள் பூர்வ கர்மத்தை அனுபவித்தார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கர்ம சித்தாந்தம் தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளவும் தன் செய்கையைத் திருத்திக்கொள்ளவும் ஏற்பட்டது. பிறனுடைய பிணத்தின் அருகே நின்று அதைப் பிரசங்கிப்பது நிந்தை.

பர்வத்தின் கடைசிப் பகுதியே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பல தேசங்களிலிருந்து வந்து, அடையாளம் சொல்ல உறவினர் ஒருவரும் இன்றி மடிந்து கிடந்த ஆயிரக்கணக்கானோருக்கும் யுதிஷ்டிரன் ஆணையால் விதுரர் முதலானோர் தகனம் செய்கிறார்கள். எந்தப் பக்கத்தவன் என்ற கேள்வி அப்போது எழவில்லை. பிறகு கங்கைக் கரையில் எல்லோருக்கும் தர்ப்பணம் நடக்கும்போது குந்தி வாய் திறந்து, கர்ணனுக்கும் நீர் வாருங்கள், அவன் உங்கள் மூத்த சகோதரன் என்கிறாள். அவன் மாண்டான் என்ற செய்தி முன்பே வந்திருந்தது. வந்த அன்று பாண்டவர் பாசறையில் அது வெற்றிச் செய்தி. பகைவன் என்று எண்ணி மகிழ்ந்த சாவு தமையனின் சாவாக இருந்ததை அறிந்த யுதிஷ்டிரன், அதன் பின் இராஜ்யத்தையே வெறுத்து வனம் போகத் துணிந்தான். உறவு புதிதாக உண்டாகவில்லை. முன்பே இருந்தது, தெரிய வந்தது அன்றைக்குத்தான்.

சைதாப்பேட்டை அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. ஜூலை மாதக் கடைசியில் 1983இன் நினைவாக நம்மில் பலர் கூடுகிறோம். அது நிற்கக் கூடாது. ஆகஸ்ட் 3 அதற்கு அடுத்த வாரத்திலேயே வருகிறது. அன்றும் கூடுங்கள். காத்தான்குடியில் மாண்டவர்களையும் அதே மேடையில், அதே குரலில் நினைவுகூருங்கள். அந்தக் கூட்டத்துக்கு நம் ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தாரை முன்கூட்டியே நேரில் போய் அழையுங்கள்.