பவழப்பாறையும் இல்லறத்தார் அஹிம்சையும்

பவழத்தை நமது ஆகமங்கள் மண், உப்பு, அப்பிரகம் ஆகியவற்றோடு சேர்த்து, நிலத்தை உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்களின் வரிசையில் வைத்துள்ளன. இன்றைய விலங்கியலோ அதனை விலங்கு என்கிறது. பாறையின் மேற்பரப்பில் சிற்றுயிர்கள் பல்லாயிரம் ஒன்றோடொன்று இணைந்து வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். அதைச் சுற்றி உணர்விழைகள். தீண்டினால் சுருங்குகின்றன, மிதந்து வரும் இரையைப் பற்றி உண்கின்றன. அவ்வாறாயின் சங்கோடும் மண்புழுவோடும் ஈரறிவு உயிராகவே பவழத்தை எண்ண வேண்டும். (செவ்வாய்க்கென்று மோதிரத்தில் பதிக்கும் செம்பவழம் இதுவன்று; அது பாறை கட்டாத வேறோர் இனம்.)

ஒரத்தநாட்டு நெல்வயல்களுக்கிடையே வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என அன்பர்கள் வினவலாம். மல்லிப்பட்டினம் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவுதான். அந்தப் பாக் விரிகுடாவின் தென்கோடியில், மண்டபம் அருகே பவழப்பாறைகள் உள்ளன. அப்பால் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை அவை தொடர்கின்றன. அங்குள்ள துர்பினேரியா பெல்டேட்டா என்னும் தட்டு வடிவ இனம் கலங்கல் நீரையும் ஓரளவு தாங்கவல்லது. அதனையே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இல் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் சேர்த்தது.

சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுகள் இப்பாறைகளைப் பெயர்த்தெடுத்தனர். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பாறை கட்டும் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. நம் முன்னோர் வீடுகளுக்குப் பூசிய கிளிஞ்சல் சுண்ணாம்பு, உயிர் நீங்கிய ஓட்டினை எரித்துப் பெற்றது. இதுவோ வாழும் உடலையே உடைப்பது. இரண்டும் சுண்ணாம்புதானே என்பது பொருந்தாது.

கடப்பாரைக்குச் சட்டம் உண்டு, வெப்பத்திற்கு? கடல்நீர் அளவு மீறிச் சூடேறினால், பவழத்தின் உடலுக்குள் தங்கி அதற்கு உணவளிக்கும் நுண்பாசி நீங்கிவிடுகிறது. பவழம் வெளுத்துப் பசியால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் கடலில் இது நேர்ந்தது. யாரும் கையோங்கவில்லை; ஆகவே இது சங்கல்ப ஹிம்சையன்று. பின் யாருடையது?

இல்லறத்தாருக்கு ஓரறிவு உயிர்களில் விலக்கு உண்டென்பது மெய். அவ்விலக்கு தேவையின் அளவிற்கே. பயனின்றி நிலத்தைக் கிளறுவதையும், நீரைச் சிந்துவதையும், தீ மூட்டுவதையும், காற்றை அலைப்பதையும் சமந்தபத்திரர் இரத்தின கரண்ட சிராவகாசாரத்தில் பிரமாதசரியை என்று விலக்கினார். கடலைச் சூடாக்கும் புகை எத்தனை அடுப்பிலிருந்து, எத்தனை ஆலையிலிருந்து வருகிறதென்று பிரித்தறிய இயலாது. நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் எஞ்சின் உத்தியோகி ஹிம்சையில் அடங்கும். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறி எதில் அடங்கும்?

ஒருவர் விசிறியை நிறுத்தினால் கடல் குளிருமா என்பர். குளிராது. நீரை வடிகட்டிப் பருகும் நாமும் காவிரியின் உயிர்கள் அனைத்தும் பிழைத்துவிடும் என்று எண்ணி வடிகட்டுவதில்லை. துணியில் தங்கியவற்றை எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடுகிறோம். தூத்துக்குடியில் ஆய்வாளர்கள் கான்கிரீட் சட்டங்களில் பவழத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டுவருகின்றனர். அவை விரற்கடை விரற்கடையாகவே வளர்கின்றன. கோடை மிகுந்தால் அவையும் வெளுக்கக்கூடும்.