வெட்டாத கத்தி

ஒரு கருவியை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரியத்திலிருந்து நிரந்தரமாக விலக்கி வைத்துவிட்டு, அதன்மீது அன்பு செலுத்துகிறோம் என்று சொல்வது பொருந்துமா? பழைய வில்லுக்கத்திகளையும், கத்தியோடு திருப்புளி, துளையூசி, தகரப்பேணி திறப்பான் முதலியவற்றை ஒரே பிடிக்குள் மடக்கி வைத்த சட்டைப்பைக் கருவிகளையும் சேகரிப்போரைப் பற்றி எண்ணும்போது இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு இது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சமுதாயம் எதனை மதிக்கிறது என்பது அதன் மேடைப் பேச்சுகளில் வெளிப்படுவதைக் காட்டிலும் அதன் பொழுதுபோக்குகளிலே தெளிவாக வெளிப்படுகின்றது என்பது என் எண்ணம்.

கத்தி சேர்ப்போரின் உலகத்திலே எழுதாத சட்டம் ஒன்றுண்டு. எந்தக் கத்தி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து ஒன்றையும் வெட்டவில்லையோ, எவருடைய சட்டைப்பையிலும் கிடந்து தேயவில்லையோ, எந்தச் சாணைக்கல்லையும் தொடவில்லையோ, அதுவே தலைசிறந்தது. ஒருமுறை தீட்டப்பட்டாலே அதன் தரம் ஒருபடி இறங்கிவிடும். பலமுறை தீட்டி அலகு ஒடுங்கிப்போன கத்தியோ பழுதுபட்ட பொருளாகவே எண்ணப்படும். முப்பது ஆண்டுகள் ஒரு தோட்டக்காரனின் கையில் உழைத்தது அதன் குற்றமாகிவிடுகிறது! தபால்தலை சேர்ப்போர்கூட முத்திரை குத்தப்பட்ட தலையை இவ்வளவு இழிவாக நோக்குவதில்லை.

சுவிற்சர்லாந்தின் படைவீரர் கத்தியை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு இராணுவம் 1891 ஆம் ஆண்டில் தன் சிப்பாய்களுக்கென வாங்கத் தொடங்கிய கத்தியில் நான்கே உறுப்புகள் இருந்தன: அலகு, துளையூசி, தகரப்பேணி திறப்பான், திருப்புளி. புதிதாக வந்த துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டியிருந்தது. பேணியில் அடைத்த உணவை உண்ணத் திறப்பான் வேண்டியிருந்தது. தேவையே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது. அத்தனை கத்திகளைச் செய்து கொடுக்கும் வசதி அந்நாட்டில் அப்போது இல்லாமையால் முதல் தொகுதி ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தது. 1884 இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை அமைத்திருந்த கார்ல் எல்செனர், பிழைப்பின்றிப் பிறநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த தம் நாட்டு இளைஞருக்குத் தொழில் கிடைக்க வேண்டுமென்று கத்தித் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி, அவ்வேலையைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1897 இல் அதிகாரிகளுக்கென இன்னொரு கத்தி செய்தார். அதில் புதிதாகச் சேர்ந்தவை சிறிய அலகொன்றும் தக்கை திருகியும். சிப்பாய்க்குப் பேணி திறப்பான், அதிகாரிக்கு மதுப்போத்தலின் தக்கை திருகி! வர்க்க வேறுபாடு சட்டைப்பைக்குள்ளும் புகுந்துகொள்கிறது.

இத்தகைய சிப்பாய்க் கத்தி ஒன்று இன்று கீறலின்றிக் கிடைக்குமாயின் அதற்கு அள்ளிக் கொடுப்பார்கள். ஒரு பொருளுக்குப் பயன்மதிப்பு இருப்பதனாலேயே அதற்குப் பரிமாற்ற மதிப்பும் வாய்க்கிறது என்று மார்க்ஸைப் படித்த மாணவர் அறிவர். இங்கோ பயன்மதிப்பு ஒருபோதும் நுகரப்படமாட்டாது என்ற உறுதியின்மேல் பரிமாற்ற மதிப்பு வளர்கின்றது. பார்த்து மகிழ்வதும் ஒரு பயன்தானே என்று சொல்லலாம். சொல்லலாம்தான், ஆனால் அந்த மகிழ்ச்சிக்குக் கத்தியே வேண்டியதில்லை, கத்தியின் படம் ஒன்றே போதும்.

இந்த மனப்பான்மையை நம் ஔவையார் முன்னமே கண்டுகொண்டார். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான் என்பர். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் வைக்கப்பட்டிருந்த ஆயுதங்களை அவர் புகழ்வதுபோல் புகழ்ந்து, தம் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலிலே கிடக்கின்றன என்று புறநானூற்றின் 95 ஆம் பாட்டிலே சொல்கிறார். பளபளப்புக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. எனினும் வகுப்பில் இப்பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. கொல்லனின் கொட்டில் பாட்டில் வருகிறது, கொல்லன் வரவில்லை. ஆயுதம் யாருடையது என்று இரு அரசர்களும் அறிவர். அதனைச் செய்தவன், செப்பனிடுபவன், அவன் கண்ணும் நெஞ்சும் என்ன ஆயின என்பது வேறு கதை.

அந்த வேறு கதை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்திலே எழுதப்பட்டிருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் சந்தைகளுக்குச் சட்டைப்பைக் கத்திகளை அனுப்பிய நகரம் அது. பிடிக்குத் தந்தமும் கலைமான் கொம்பும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்றன. ஒருவன் அலகை அடித்தான். ஒருவன் சாணை பிடித்தான். ஒருவன் வில்லையும் அலகையும் பிடியையும் ஆணியால் இணைத்தான். சாணைக்காரன் பலவேளைகளில் கூலிக்காரனாகக்கூட இருக்கவில்லை. நீராலோ நீராவியாலோ சுழலும் கல்லின் முன் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, குதிரையில் அமர்வதுபோல் மரப்பலகையில் கால் பரப்பி அமர்ந்து, குனிந்து, சுழலும் கல்லில் அலகை அழுத்தினான். கல்லின் பொடியும் உருக்கின் பொடியும் சுவாசத்தோடு உள்ளே சென்றன.

1845 இல் ஏங்கல்ஸ் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் ஷெபீல்டின் சாணைக்காரருக்கும் இடமுண்டு. அவ்வூர் வைத்தியர் ஒருவரின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு அவர் தரும் கணக்கு இது: உலர்ந்த கல்லில் தீட்டுபவரின் சராசரி ஆயுள் 35 ஆண்டு தேறுவது அரிது, நனைந்த கல்லில் தீட்டுபவர் 45 ஐத் தாண்டுவது அரிது. அதைவிட நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றையும் அவர் பதிந்திருக்கிறார். தூசியைத் தடுக்கும் சாதனங்கள் இருந்தன; ஆனால் தொழிலாளரே அவற்றை விரும்பவில்லை, சில இடங்களில் உடைத்தும் எறிந்தனர். ஏன்? தொழிலில் ஆபத்துக் குறைந்தால் ஆட்கள் பெருகுவர், ஆட்கள் பெருகினால் கூலி விழும் என்ற அச்சம். தன் நுரையீரலையே கூலிக்குக் காவலாக நிறுத்த வேண்டிய நிலைக்கு மனிதனைத் தள்ளிய அமைப்பைப் பற்றி இதற்குமேல் விளக்கம் தேவையா? இதனை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தம் நிலையை நன்றாகவே கணக்கிட்டிருந்தார்கள்.

அந்நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகளின் பின், 1851 இல் இலண்டனில் பெருங்கண்காட்சி நடந்தபோது, ஷெபீல்டின் ஜோசப் ரொஜர்ஸ் நிறுவனம் 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட பிரமாண்டமான கத்தி ஒன்றைச் செய்து வைத்தது. அது எதையும் வெட்டச் செய்யப்பட்டதன்று. வெட்டாத கத்தியை முதலில் உண்டாக்கியவர்கள் சேகரிப்போர் என்று குற்றஞ்சாட்டுவதும் ஆகவே நியாயமாகாது. முதலாளியின் விளம்பரமே அவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. இன்றும் அக்கத்தி ஷெபீல்டின் கத்தித் தொழிலாளர் மண்டபத்திலே பாதுகாக்கப்படுகிறது. அதனோடு உலகறிந்த பெயர் நிறுவனத்தின் பெயர் ஒன்றுதான்.

கத்தி சேர்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு; அவரும் ஆசிரியரே. ஏறத்தாழ நாற்பது கத்திகள் அவரிடம் இருக்கின்றன. இவற்றையெல்லாம் நான் அவரிடம் சொன்னபோது அவர் சினக்கவில்லை. “மாஸ்டர், நான் வாங்காமல் விட்டிருந்தால் இது பழைய இரும்புக்காரனிட்டைப் போய் உருகியிருக்கும். பிறகு நீங்கள் ஆரைப் பற்றிக் கதைக்கிறது?” என்று கேட்டார். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பொருள் அழிந்தால் அதனுள் இருக்கும் உழைப்பின் சாட்சியமும் அழிகிறது. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டியவர்களைப் போற்றுகிற நாம், கத்தி திரட்டுபவனைப் பார்த்து நகைப்பது முறையன்று.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஷெபீல்டின் சட்டைப்பைக் கத்திக் கைவினைஞருள் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் ஸ்டான் ஷா. 1926 இல் பிறந்து, சிறுவனாகவே இத்தொழிலுக்குள் நுழைந்து, தொண்ணூறு வயதை எட்டியும் பட்டறையில் வேலை செய்து, 2021 இல் மறைந்தார். பெருந்தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னர் அவருக்கு வேலை கொடுத்தவர்கள் யார்? தோட்டக்காரரும் மாலுமிகளும் அல்லர், உலகெங்குமுள்ள சேகரிப்போரே. அவர் செய்த கத்திக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வெட்டுவதற்கென்று வாங்காத மனிதர்களின் பணத்தினாலேயே, வெட்டும் கருவியைச் செய்யும் வித்தை ஒரு மனிதரின் கைகளில் இவ்வளவு காலம் உயிரோடிருந்தது. நமது தத்துவத்துக்கு இது இசைவான செய்தியன்று, ஆயினும் உண்மை.

ஆகவே சேகரிப்பதா வேண்டாமா என்பது சரியான கேள்வியன்று. எதனைச் சேகரிப்பது என்பதே கேள்வி. அதே ஷெபீல்டில் கருவிக் கடை நடத்திய கென் ஹோலி என்பவர் தம் வாழ்நாளெல்லாம் கருவிகளைத் திரட்டினார். அவர் எடுத்தவை முடிந்த பொருள்கள் மட்டுமல்ல. உலையிலிருந்து வந்த கரிய அலகு, பாதி தீட்டிய அலகு, பிடியேறாத அலகு என்று உற்பத்தியின் ஒவ்வொரு படியையும், அப்பொருளைச் செய்யத் தொழிலாளி பயன்படுத்திய கருவியையும், பழைய விலைப்பட்டியல்களையும் சேர்த்தார்; தொழிலாளர் வேலைசெய்வதைப் படம்பிடித்தும் வைத்தார். அச்சேகரம் 2010 முதல் அந்நகரின் கெல்ஹம் தீவு அரும்பொருட்சாலையில் பொதுமக்கள் காண இருக்கின்றது. அவர் 2014 இல் காலமானார். பாதி தீட்டிய அலகுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும்? அதைத்தான் அவர் குனிந்து எடுத்தார்.

தேய்ந்த கத்தியையும் இவ்வாறே நோக்கலாம். அலகின் ஒடுக்கத்தில் எத்தனை தீட்டல்கள், பிடியின் எந்த மூலையில் விரல் அழுந்தியது, ஒருவேளை அதில் கீறிய இரண்டெழுத்து எவனுடையது என்பதெல்லாம் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாடமே. ஷா செய்த கத்தியைத் தீட்டி மாங்காய் வெட்டுங்கள் என்று சொல்ல எனக்கு நாக் கூசும். சிப்பாயின் கத்தியைப் பற்றி அவ்வளவு தயக்கமில்லை. நண்பரின் நாற்பதில் இரண்டொன்று சாணை கண்டவை. அவற்றை அவர் பெட்டியின் அடியில், மற்றவற்றின் கீழே போட்டு வைத்திருக்கிறார். அவற்றை மேலே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். விலை இறங்கிவிடுமே என்றார்.