செயலுக்கா, பிறப்புக்கா?

வகுப்பில் ஒரு மாணவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தால், "என்ன செய்தான்?" என்று கேட்பர். "இன்ன ஊரில் பிறந்தான்" என்று நாம் விடை சொன்னால், பத்து வயதுச் சிறுவனும் நகைப்பான். அரசுகள் அதையே செய்யும்போது நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

சிறைக்கூடங்களில் பல வகையினர் உளர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் தண்டனைக் கைதி. வழக்கு முடியாதவர் விசாரணைக் கைதி. தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயத்தால் அடைக்கப்பட்டவர் தடுப்புக் காவல் கைதி. மூவர்க்கும், சரியோ தவறோ, ஒரு செயல் காரணமாகக் காட்டப்படுகிறது. நான்காமவன் ஒருவன் உண்டு; அவனுக்குக் காட்டப்படும் காரணம் பிறப்பு!

அவன் நமக்குப் புதியவனல்லன். வெள்ளையர் 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. நம் முதுகுளத்தூர் வட்டாரத்து மறவரும் அதற்குத் தப்பவில்லை. 'ரேகைச் சட்டம்' என்றனர் மக்கள். பெயர் பதியப்பட்டவர் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர்க் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பாய்ந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. எண்ணம் ஒழிந்ததா?

சாயல்குடியிலிருந்து கிழக்கே கடலோரமாகச் சென்றால் மண்டபம். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து படகேறி வந்தவர்க்குப் புகலிடம் தந்த முகாம் அங்கே உண்டு. திருச்சியிலும் ஒரு முகாம். 'சிறப்பு முகாம்' என்பது அதன் பெயர். இருப்பதோ மத்தியச் சிறை வளாகத்தில்!

இராசீவ் காந்தி கொலை வழக்கில் முப்பதாண்டுக்கு மேல் சிறையிலிருந்த அறுவரை, 2022 நவம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் விடுவித்தது. தமிழ்நாட்டவர் இருவர் வீடு சென்றனர். இலங்கையர் நால்வர் சிறப்பு முகாம் சென்றனர். வழக்கு ஒன்று, தீர்ப்பு ஒன்று, பிறந்த மண் மட்டும் வேறு. அந்நால்வருள் சாந்தன், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் மாண்டார். யாழ்ப்பாணத்தில் மகனுக்காகக் காத்திருந்த தாய்க்கு உடல்தான் போயிற்று. மற்ற மூவர் அவ்வாண்டு ஏப்ரலில்தான் நாடு திரும்பினர்.

"கடவுச்சீட்டில்லாத அயல்நாட்டாரை எப்படி வெளியே விடுவது?" என்பர். கேட்க வேண்டிய கேள்விதான். சீட்டு இல்லையேல் விரைந்து பெற்றுத் தருக. அதுவரை உற்றாரோடு வாழ விடுக. பூட்டியே தீரவேண்டுமெனில், திறக்கும் நாளையேனும் குறித்திடுக. தண்டனைக் கைதிக்குக்கூட எண்ணிப் பார்க்க ஒரு நாள் உண்டே!

தோழர்களே! 'முகாம்' என்ற சொல் காதில் விழும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருப்பவன் விரும்பினால் வெளியே வர முடியுமா? முடியாதெனில் அது சிறை. அவன் செய்த குற்றம் என்ன? விடை இல்லையெனில், குற்றவாளி உள்ளே இல்லை, வெளியே இருக்கிறான்.