நீரகத்து நிறமும் வாய்மையும்

கடலினுள் மூழ்கிப் படமெடுப்பார் தம் கருவி பதிக்கும் நிறத்தைத் தாமே திருத்தியமைத்துக்கொள்ளுதல் வாய்மையொடு பொருந்துமா என்பது ஒரு வினா. இதனைச் சிறு வினாவென்று தள்ளுதற்கில்லை. பவளப் பாறைகள் நலமுற்றனவா வெளிறினவா என்று கரையிலிருப்பார் பலர் அறிவது அத்தகைய படங்களாலேயாம்.

முதற்கண் அங்கு நிகழ்வது யாதெனக் காண்போம். ஞாயிற்றின் ஒளி நீரிற் புகுந்தவுடன் அதன்கண் உள்ள செந்நிறக் கூறே முதலில் விழுங்கப்படுகின்றது. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மிக மங்கும். பின்னர்ச் செம்மஞ்சளும் மஞ்சளும் முறையே குறையும். தெளிந்த கடலில் நீலமே நெடுந்தூரம் செல்லும். ஆழத்திற் காயம்பட்டவன் தன் குருதியைப் பசுமை படர்ந்த கருநிறமாகக் காண்பான். கருவியோ கரைவெயிலுக்கு அமைத்த கணக்கையே கொண்டிருப்பின் அனைத்தையும் நீலமாகப் பதிக்கும். ஆதலின் மூழ்கியவர் வெண்பலகை ஒன்றையோ சாம்பல்நிற அட்டையையோ தாம் படமெடுக்கும் ஆழத்திலேயே பிடித்து, கருவியின் பார்வை முழுதும் அது நிரம்புமாறு நெருங்கி, நிறச்சாயலற்றது இதுவென்று கருவிக்கு அறிவிப்பர். ‘ஒயிட் பேலன்ஸ்’ என வழங்கும் வெண்மைச் சமன் இதுவே. அப்பலகையிற் குறைந்துள்ள சிவப்பை எத்துணை உயர்த்தவேண்டுமோ அத்துணையும் ஏனைப் பொருள்கட்கும் கருவி உயர்த்தும். சில மீட்டர் ஏறினும் இறங்கினும் அக்கணக்குப் பிழைபடும். மீண்டும் பலகையைக் காட்டுதல் வேண்டும். சோம்பியிருந்தவர் மேல்நீரில் எடுத்த படத்திற் பாறைகளெல்லாம் செம்மண் பூசினாற்போல் தோன்றும்.

ஈண்டு ஒரு தடை நிகழும்: கண் காணாத சிவப்பைப் படத்திற் காட்டுதல் பொய்யன்றோ? யாது கூறப்படுகின்றது என்பதை நோக்கியே இதற்கு விடை பகர்தல் வேண்டும். ‘யான் அங்கே இவ்வாறு கண்டேன்’ என்பானாயின் அது பொய்யே. ‘இம்மீனின் உடல் வெள்ளொளியில் இத்தகையது’ என்பானாயின் அது மெய். படம் ஒன்றே, கூற்று வேறு. இவ்வேறுபாட்டை ஓராதார் திருத்தாத படமே உண்மையென்பர். அதுவும் கரைவெயிலைத் தரமாகக் கொண்ட ஒரு கணக்கே என்பதை அவர் மறந்தனர். அன்றியும், மூழ்கினார் கண்ணும் சிறிது நேரத்தில் நீலத்திற்குப் பழகிப் பலகையை வெண்மையென்றே கொள்ளும். திருத்தாத காட்சி எவர்க்கு உளது?

மெய்யான இடர் வேறிடத்து உளது. வெண்மையல்லாததை வெண்மையென்று காட்டுதலே அது. பலகை கைவசம் இல்லாதார் கடலடி மணலைக் காட்டுவர். மணலோ சில இடங்களில் மஞ்சட் சாயலுடையது. அதனை நம்பிய கருவி எல்லாவற்றையும் நீலத்தின்பாற் சாய்க்கும். கருவியின்மேற் குற்றமில்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் 2016-ஆம் ஆண்டு கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பெருவாரியாக வெளிறின. வெளிறலாவது, பவள உயிரியினுள் உறையும் நுண்பாசி நீங்க, அதன் சுண்ணாம்புக்கூடு வெண்மையாய்ப் புலப்படுதல். இங்ஙனம் நிறமே நோயின் அடையாளமாகிய இடத்துத் தவறான சமன், நலமுள்ளதை வெளிறியதாகவும் வெளிறியதை நலமுள்ளதாகவும் மயங்கச் செய்தல் கூடும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ‘கோரல்வாட்ச்’ பணியினர், நிறப்படிகள் அச்சிட்ட அட்டையைப் பவளத்தருகே பிடித்து ஒப்பிடச் செய்கின்றனர். அட்டையும் பவளமும் ஒரே நீரொளியில் நிற்றலின் அவ்வொளி இரண்டையும் ஒருபடியாகவே மாற்றும். அளக்கப்படும் பொருள் கிடக்கும் இடத்திற்கே அளவையைக் கொண்டுசெல்லும் இம்முறையை யாம் பெரிதும் உவக்கின்றோம்.

திருத்தத்திற்கும் எல்லை உண்டு. பதினைந்து இருபது மீட்டருக்குக் கீழே சிவப்பொளி மிக அரிது. அதனை எவ்வளவு பெருக்கினும் படத்திற் புள்ளிபுள்ளியான மாசே மிகும். சற்காரியவாதம் பயின்ற நம்மனோர்க்கு இது வியப்பன்று. அங்கே விளக்கையே உடன்கொண்டு செல்லல் வேண்டும். விளக்கேந்துவார் பலகையாற் பெற்ற சமனை நீக்கிவிடுதலும் வேண்டும். இன்றேல் விளக்கின் அருகே வந்த மீன் தனக்கில்லாத செம்மையைப் பூண்டு தோன்றும்.