நாய் வண்டியைத் தடுத்தவர்கள்

தலைநகர் தில்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எதிர்ப்பு வலுக்கவே, ஆகஸ்ட் 22 அன்று வேறோர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடக்கூடாது என்றது. வாயில்லா உயிரை அப்புறப்படுத்தி வாங்கும் அமைதி அறமாகாது. அதை எதிர்த்து நிற்பது குடிமக்களின் கடமை.

இத்தகைய போராட்டத்தைச் சென்னை முன்பே கண்டிருக்கிறது. பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது அன்றைய மாநகராட்சி. கொலையை நிறுத்துங்கள், கருத்தடை செய்யுங்கள் என்று 1964 முதலே கேட்டு வந்தது புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பு. மனுக்களும் வாதங்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டன. 1996இல்தான் மாநகராட்சி இணங்கியது. 2001இல் நாடு முழுமைக்கும் கருத்தடை விதிகள் வந்தன. குப்பையும் எச்சில் சோறும் கிடக்கும்வரை, ஒரு தெருவில் கொன்றொழித்த இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்து குட்டி போடும் என்ற எளிய உண்மையை அலுவலகம் ஏற்க அத்தனை காலம் பிடித்தது.

உயிர்களிடம் இரக்கம் காட்ட நம் முன்னோருக்குத் தயக்கம் இருந்ததில்லை. கொல்லாமைக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். வேள்விப் பசுவை மீட்ட ஆபுத்திரனை மணிமேகலை போற்றுகிறது. உடன் வந்த நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்தான் தருமன். கன்றை இழந்த பசுவின் முறையீட்டுக்கு மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழ பாண்டிய நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்பாடானதைச் சொல்கிறது. வள்ளலார் வழியில் வந்தவர்கள் நாய் பிடிக்கும் வண்டியைப் பார்த்தும் பேசாமல் போகலாமா? உயிர்களிடம் பரிவு காட்டுவதைக் குடிமகனின் கடமையாக அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவும் வைத்திருக்கிறது.

கடிபட்ட குழந்தையின் வலி பெரிது. ரேபிஸ் எனும் வெறிநோய் முற்றினால் பிழைப்பது அரிது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையைக் காப்பதும் தடுப்பூசிதான்: நாய்க்குப் போட்டது, கடிபட்டவருக்கு உடனே போடுவது.

ஆகவே மாநகராட்சியிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் வார்டில் இந்த மாதம் எத்தனை நாய்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது? எத்தனைக்கு ஊசி போட்டார்கள்? கருத்தடை செய்து காதில் அடையாளம் வெட்டிய நாய்களைப் பிடித்த தெருவிலேயே விட்டார்களா? அறுவைக் கூடத்தில் மருத்துவர் இருக்கிறாரா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேபிஸ் ஊசி இருப்பில் உள்ளதா? கணக்கை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போடும்வரை மனு கொடுத்துக்கொண்டே இருங்கள்.