விட வேண்டியதும் விடக்கூடாததும்

அய்யா துணை

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் செட்டிநாட்டுச் சீமையின் முகமே மாறிவிடும். வெடித்துக் கிடந்த கண்மாய்களில் தண்ணீர் சேரும். பெரிய வீடுகளின் ஓட்டுச் சரிவில் விழும் மழை முற்றத்தில் வந்து இறங்கும். இதே மாதங்களைக் குளிர்நாட்டார் இலையுதிர் காலம் என்பார்கள். தமிழ்நாட்டில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் கூதிர் காலம். காற்றில் ஈரம் ஏறி, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு கனக்கும் காலம். சீன வைத்திய மரபில் இலையுதிர் காலத்தை நுரையீரலுக்கு உரியது என்றும், நுரையீரலைத் துயரத்துக்கு உரியது என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். மழை விடாது பெய்யும் இரவில் பழைய துக்கம் மேலே வருவதை அறியாதவர் யார்?

அந்தத் துக்கத்தோடு இருப்பவனிடம் எல்லோரும் சொல்லும் ஒரே வார்த்தை, "விட்டுவிடு" என்பதுதான். சொல்வது எளிது. பங்காளிகள் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தன் பங்கை இழந்து நிற்கும் ஒருவனிடம், பங்கைச் சுருட்டியவனே வந்து "போனது போகட்டும், விட்டுவிடப்பா" என்றால் அது ஞானமா, அநியாயமா? அன்புக்கொடி மக்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பொறுமையைப் பெரிதாகப் போற்றும் வழி இது. ஆனால் பொறுமை என்ற பெயரில் எதை விடுவது, எதை விடாமல் இருப்பது என்பது தெரியாவிட்டால் அந்தப் பொறுமை கோழைத்தனமாகிவிடும்.

முதலில் பொருளைப் பற்றிப் பார்ப்போர்க்குக் காரைக்குடியே பாடம் சொல்லும். 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய உழவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போனபோது, கீழ்ப்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டிநாட்டாரின் கைக்கு வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த உழவனுக்கு அது துயரம். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, பெற்றவர்களும் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். அது அவர்களுக்குத் துயரம். பர்மாத் தேக்கில் இழைத்த கதவுகளும் தூண்களும் இன்று முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. பிடித்து வைத்த கை எதுவானாலும் ஒருநாள் திறந்தே தீரும்.

அதே மண்ணில் கை தானே திறந்ததும் உண்டு. 1909-ல் பிறந்த கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கென்று கொடுத்தார் அந்த வள்ளல். 1957-ல் அவர் மறைந்தார். அவர் கொடுத்த இடத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பறிபோவதும் கொடுப்பதும் ஒன்றல்ல. பறிபோனது தெருவில் விலைக்கு நிற்கிறது, கொடுத்தது ஊருக்குத் தர்மமாக நிற்கிறது.

ஆனால் பொருளை விடுவது வேறு, மானத்தை விடுவது வேறு. இதை அய்யா வைகுண்டர் தம் வாழ்விலேயே காட்டிவிட்டார். திருவிதாங்கூர் அரசு அய்யாவைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. அங்கே பட்ட பாடுகளை ஏடு விரிவாகச் சொல்கிறது. கடைசியில், ஒரு சாதியோடு மட்டும் ஒதுங்கியிருக்க ஒப்புக்கொண்டால் விடுதலை என்றார்கள். அய்யா ஒப்பவில்லை. தம்மை வதைத்தவர்கள் மேல் பகையை வளர்க்கவும் இல்லை. எல்லாச் சாதியாரும் ஒன்று என்ற சொல்லை விடவும் இல்லை. பகையை விட்டார், நியாயத்தை விடவில்லை.

இதே பாடம் பதியின் வாசலில் தினமும் நடக்கிறது. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றுகிறார்கள், தலையில் தலைப்பாகை கட்டுகிறார்கள். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு அய்யா கட்டச் சொன்ன தலைப்பாகை அது. சட்டை போகிறது, தலைப்பாகை ஏறுகிறது. ஆடம்பரம் கழல வேண்டும், தலை நிமிர வேண்டும். பள்ளியறையில் கண்ணாடி முன் நிற்கும்போது தெரிவது, இந்த இரண்டையும் செய்து முடித்த மனிதனின் முகம்.

துவையல் தவசும் இதையே சொல்கிறது. வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் 700 குடும்பத்தார் கடலில் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை உண்டு தவமிருந்தார்கள். துவைத்தல் என்றால் என்ன? அழுக்கு போக வேண்டும், துணி நிற்க வேண்டும். அழுக்குக்குப் பயந்து துணியையே எறிபவன் துவைக்கவில்லை. துணி கிழியுமோ என்று அழுக்கை வைத்துக்கொள்பவனும் துவைக்கவில்லை.

அப்படியானால் பங்கை இழந்தவன் என்ன செய்ய வேண்டும்? ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கேட்கலாம். வேண்டுமானால் வழக்கும் போடலாம். தன் பங்கைக் கேட்பது பாவமல்ல. அவன் விட வேண்டியது, படுக்கையிலும் சாப்பாட்டிலும் உடன் வந்து அவனையே தின்னும் பகையை. பங்கைச் சுருட்டியவன் விட வேண்டியதோ பொருளை. அவன் மனத்தளவில் வருந்திக்கொண்டு பொருளைக் கையில் வைத்திருந்தால் அது விடுதல் ஆகாது. "விட்டுவிடு" என்று பிறருக்குச் சொல்லும் முன், தன் கையில் பிறர் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது தர்மம். தாழ்ந்து கிடப்பவனைத் தூக்குவதுதான் அய்யா சொன்ன தர்மம், இன்னும் தாழ்ந்து போ என்பது அல்ல.

பகையை விடுவது ஒரே நாளில் நடக்காது. அதற்கு அன்றாடப் பழக்கம் வேண்டும். மூச்சு அதற்கு நல்ல துணை. திருமூலர் சொன்ன கணக்கில் இழுக்கும் மூச்சு 16 மாத்திரை, விடும் மூச்சு 32. இழுப்பதைப் போல இரு மடங்கு விட வேண்டும். இடையில் 64 மாத்திரை அடக்குவது குருவின் துணையில்லாமல் செய்யத்தக்கதல்ல. ஆனால் மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுவது எல்லோருக்கும் ஆகும். நீளமாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது, மனமும் தணிய இடம் கிடைக்கிறது.

உகப்படிப்புக்கு முன், கைகால் கழுவி, முதுகு நிமிர உட்கார்ந்து, மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை இழுத்து, எட்டு எண்ணும் வரை விடலாம். இழுக்கும்போது சிவசிவா, விடும்போது அரகரா என்று நினைக்கலாம். இது விதியல்ல, மனம் ஓடாமலிருக்க ஒரு கயிறு. பத்து மூச்சு போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். இழுப்பு நோய் உள்ளவர்கள் மருந்தை விடலாகாது; அது விட வேண்டிய பட்டியலில் இல்லை.

கார்த்திகை இதற்கு ஏற்ற மாதம். கொல்லம் 1016 கார்த்திகை 27-ல் அகிலத்திரட்டு எழுதப்பட்டதாக ஏடே சொல்கிறது. சுவாமித்தோப்புப் பதியில் கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். நிழல்தாங்கல்களில் வசதிப்படி பத்து நாளோ, ஏழு நாளோ, மூன்று நாளோ வாசிப்பார்கள். பிழைப்புக்காகச் செட்டிநாட்டில் வந்து குடியிருக்கும் அன்பர் பதிக்குப் போக முடியாவிட்டாலும், வீட்டில் விளக்கேற்றி நாளுக்குக் கொஞ்சம் ஏடு படிக்கலாம். படித்து முடித்து, நாளுக்கு ஒன்றை விடலாம். ஒருநாள் பேசாமலிருக்கும் தம்பி மேலுள்ள வன்மம். ஒருநாள் பிறர் வாழ்வைப் பார்த்து எரியும் எரிச்சல். ஒருநாள் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும் ஒரு கடன். ஒருநாள் உடுத்தாமல் பெட்டியில் கிடக்கும் வேட்டி சேலை. மழையில் நனைபவருக்கு அது உதவும்.

செட்டிநாட்டு நகரத்தார் திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழையாகப் புதுத்துணியிலிருந்து நூல் எடுத்து வைத்து, கடைசி நாளில் திரியாக்கி மாவில் ஏற்றிப் பிள்ளையார் நோன்பு முடிப்பார்கள். வழிபாடு வேறாயினும் அந்த முறை நல்ல முறை. பெரிய காரியம் நாளுக்கு ஓர் இழையாகத்தான் முடியும்.

உள்ளே போன மூச்சை யாரும் சொத்தாகச் சேர்த்து வைக்க முடியாது. விட்டால்தான் அடுத்தது வரும். அதே சமயம், மூச்சை விடுபவன் உயிரை விடுவதில்லை. பகை, பேராசை, பிறர் பொருள் ஆகியவை விட வேண்டிய மூச்சு. மானம், நியாயம், தர்மம் ஆகியவை விடக்கூடாத உயிர். இந்தக் கூதிர் காலத்தில் அன்புக்கொடி மக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டையும் பிரித்தறியும் புத்தியை அய்யா தந்தருள்வாராக.

அய்யா உண்டு.